மண் முனகும், பொருள் கூப்பிடும்

குழாயடிப் புல்லின்மேல் கம்பு நுனியிலிருந்த வட்டத் தட்டை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு வந்த சாந்தாமேரி சட்டென்று நின்றாள். காதில் மாட்டியிருந்ததைக் கழுத்துக்கு இறக்கினாள். சிலுவை போட்டுக்கொண்டு குந்தினாள். இடுப்பில் செருகியிருந்த கரண்டியால் புல்லை ஒரு மூடியைப் போலக் கிளப்பி அடியில் விரலை விட்டாள். மிதிபட்டு ஈர மண்ணுக்குள் இறங்கியிருந்த மோதிரம்.

ஏற்காட்டு ஏரிக்கு எதிரே என் பஜ்ஜிக் கடை. கடையின் பின்வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு லாட்ஜின் புல்தரை. முந்தின நாள்தான் அங்கே தங்கியிருந்த ஒரு அம்மாவின் மோதிரம் காணாமல் போயிருந்தது. அறை கூட்டும் புஷ்பலதாவின் பையை எல்லார் முன்னாலும் கொட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஒரு சீப்பும் சாப்பாட்டு டப்பாவும்தான். அப்படியும் சந்தேகம் தீரவில்லை. சாந்தாமேரியை யாரும் கூப்பிடவில்லை. விஷயம் காதுக்கு எட்டியதும் அவளாகவே வந்தாள்.

எடுத்த மோதிரத்தை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. குழாயில் கழுவி, அங்கிருந்த கல்லின் ஓரத்திலேயே வைத்துவிட்டு வேலிப்பக்கம் வந்து நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா குழந்தைக்குக் கால் கழுவ வந்தார். கண்டார். "ஐயோ, நான்தான் இங்க கழட்டி வெச்சேன்!" என்று உள்ளே ஓடி, புஷ்பலதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீயே கொண்டுபோயிக் குடுத்திருந்தா உனக்கு நல்ல பேருதானே?" என்று கேட்டேன்.

"நானு குடுத்தா அந்தம்மா எனக்கு நன்றி சொல்லுமுங்க்கா. அதுவே கண்டுக்கிட்டா புஷ்பாகிட்ட மன்னிப்புக் கேக்கும்" என்றாள் மேரி.

அவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். எஸ்டேட் பங்களா ஒன்றில் சமையல் வேலை. அங்கே விருந்தாளியாக வந்த ஒரு பெங்களூர்க்காரர் இந்த மெட்டல் டிடெக்டரை வைத்துத் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தார். வெளிநாடு போகும்போது சுமை என்று அவளிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். நீளமான கம்பு, நுனியில் ஒரு வட்டத் தட்டு, கைப்பிடியில் பொத்தான் வைத்த சின்னப் பெட்டி, அவ்வளவுதான். இங்கிலீஷ் பெயர் அவள் வாயில் வராது. தோசைக்கல் என்பாள். "ஆறு நாளும் அடுப்புல தோசைக்கல்லு. ஞாயித்துக்கெழமை தரையில தோசைக்கல்லு. நம்ம தலையெழுத்து வேற என்னங்க்கா!"

கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்புவாள். சேலைமேல் இறந்துபோன கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, துண்டுக்குமேல் காதுக் கருவி, பாம்புக்குப் பயந்து ரப்பர் பூட்ஸ். ஏரிக்கரையில் சுற்றுலா வந்த பையன்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள்.

"என்னக்கா, பூமிக்கு ஸ்கேன் எடுக்கறீங்களா?"

"ஆமா கண்ணு. ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்ல மாட்டேன். ஜெயில்ல போட்டுருவாங்க."

பெரும்பாலும் கிடைப்பது அலுமினிய மூடி, ஈயத்தாள், டப்பாவின் இழுப்பு வளையம். எப்போதாவது பழைய பித்தளைப் பொத்தான், ஒற்றைத் தோடு. தோண்டிய குழியை மூடாமல் நகர மாட்டாள். புல்லைத் திரும்ப வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, குழந்தை முதுகைத் தட்டுவது போல இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். சாவி கிடைத்தால் நேராக என் கடைக்கு வருவாள். கடையின் முன்கம்பத்தில் அதற்கென்றே ஒரு ஆணி. "ஆராச்சும் தேடீட்டு வந்தாக் குடுங்க்கா. சாவியத் தொலச்சவங்க சொந்த ஊட்டு வாசல்லயே நிக்கோணும், பாவம்." யாரும் கேட்டு வராத சாவிகள் இன்னும் அந்த ஆணியில் தொங்குகின்றன. காற்றடித்தால் சத்தம் போடும்.

அந்த மிஷினில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் இரும்புக்கு மட்டும் சத்தம் வராது. வெள்ளி, செம்பு, தங்கம் போன்றவற்றுக்கு வரும். எங்கள் மலையில் அந்தப் பொத்தான் இல்லாமல் முடியாது என்பாள். இங்கே செம்மண்ணிலேயே இரும்பு கலந்திருக்கிறதாம். திறந்துவிட்டால் காலடி மண்ணெல்லாம் முனகிக்கொண்டே இருக்குமாம். எனக்கும் ஒருநாள் காதில் மாட்டிக் காட்டினாள். காய்ச்சலில் படுத்தவர் முனகுவது போலத்தான் இருந்தது. "மண்ணு முனகுமுங்க்கா, பொருளு கூப்புடும். முனகறதுக்கெல்லாம் குந்தித் தோண்டுனா முட்டி என்னத்துக்கு ஆகும்?" அதனால் இரும்பின் வாயை எப்போதும் அடைத்தே வைத்திருந்தாள்.

என் கடைக்குப் பக்கத்தில் கரடியூர்க் கண்ணாயி கூடை வைத்துக் கொய்யாவும் பட்டர் ஃப்ரூட்டும் விற்பாள். போன வருஷம் ஒருநாள் அவள் வாடிக்கையாளரைக் கூப்பிடாமல், கூடைத் துணியைக்கூட விலக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டதும் அழுதுவிட்டாள்.

அவளுடைய தலைப்பிள்ளை பெயர் வைக்கும் முன்பே இறந்துபோனது. வெகுகாலம் முந்திய கதை. அவளுடைய கணவர் அங்கப்பன் தங்கள் காட்டில் ஓர் ஆரஞ்சு மரத்துக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தார். குழி எடுக்கும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. பிறகு கஷ்டம் வந்து காட்டை விற்றார்கள். ஆரஞ்சு மரங்களெல்லாம் நோயில் பட்டு வேரோடு போயின. இடம் தெரிந்த அங்கப்பனும் காலமாகிவிட்டார். இப்போது வாங்கியவர்கள் அங்கே காட்டேஜ் கட்டப் போகிறார்கள். மண்ணைச் சமன் செய்ய ஜேசிபி வந்து நிற்கிறது.

"எம்புள்ளையக் கல்லோட மண்ணோட வாரி லாரியில கொட்டீருவாங்களே" என்றாள்.

அன்று சாவி கொண்டுவந்த மேரி இதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மிஷினுக்கு எலும்பு தெரியாதுங்க்கா. ஒடம்புல ஏதாச்சும் போட்டு வெச்சாங்களா?" என்று கேட்டாள்.

"இடுப்புல செப்புத் தாயத்து இருந்துச்சு அம்மிணி."

"அப்பச் செரி. நாளைக்கே போலாமுங்க. பங்களாவுல லீவு சொல்லிக்கறேன்."

கண்ணாயி போனபிறகு, கிடைக்காவிட்டால் அவள் மனது இன்னும் உடைந்துபோகுமே என்று மேரியிடம் சொன்னேன். அவள் பூட்ஸில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே, "எங்க ஊட்டுக்காரரு எங்க படுத்திருக்காருன்னு எனக்குத் தெரியுமுங்க்கா. கல்லுல பேரு வெட்டிருக்குது. நெனச்சாப் போயி மெழுகுவத்தி ஏத்தீட்டு வர்றேன். அந்தக்காளுக்கு எங்க போயி நிக்கறதுன்னே தெரியலியே" என்றாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் உடன் போனேன். காட்டின் ஒரு பாதியை ஜேசிபி ஏற்கெனவே வழித்துவிட்டிருந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் நவீன் சேலத்துப் பிள்ளை. மிஷினைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னக்கா, புதையலா? கெடச்சாப் பாதி எனக்கு."

"முழுசும் இந்தம்மாவுதுங்க சாமி" என்றாள் மேரி, கண்ணாயியைக் காட்டி.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. "சாயந்திரம் வரைக்கும் மிச்ச எடத்துக்கு வண்டி வராமப் பாத்துக்கறேங்க. அதுக்கு மேல எங்கையில இல்லீங்க்கா" என்றார்.

மேரி கயிறு பிடித்தது போல வரிசை வரிசையாக நடந்தாள். பின்னாலேயே கண்ணாயி "சேர்வராயா, சேர்வராயா" என்று சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். மேரி குந்தும் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்க் குனிவாள். ஒரு அலுமினிய மூடி. ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு. அந்தப் பக்கம் ஜேசிபி மண்ணில் இறங்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் எங்கள் கால் அதிர்ந்தது. நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

உச்சி சாய்ந்து பனி இறங்க ஆரம்பித்தபோது மேரி உட்கார்ந்துவிட்டாள். "தாயத்து சின்னப் பொருளுங்க்கா. நொம்ப ஆழத்துல இருந்தா இதுக்கு எட்டாது" என்றாள். கண்ணாயி அழவில்லை. கொண்டுவந்த சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து எங்களுக்கு வைத்தாள். வைத்துக்கொண்டே தன்பாட்டுக்குப் பேசினாள்.

"அன்னிக்கு அவரு வெறுங்கையோடதான் திரும்பி வந்தாரு. மண்ணு வெட்டற கொத்து எங்கன்னு நானுங் கேக்கல. கொளந்தைக்குக் குழி எடுத்த கொத்து ஊட்டுக்கு வரக்கூடாது. எங்க வகையறாவுல அதையும் மேலாப்புல போட்டுத்தான் மூடுவாங்க. மூல ஒடஞ்ச கொத்து. கல்லுல பட்டு ஒடஞ்சுது."

சோற்றுக்குப் போன மேரியின் கை நின்றது. "கொத்தா? இரும்புக் கொத்துங்களா?"

"பின்ன, எங்களுக்கு ஆரு பொன்னுல செஞ்சு குடுத்தா?"

"இத ஏனுங்க்கா காலைலயே சொல்லல?"

"நீ ஒடம்புல என்ன போட்டாங்கன்னுதானே கேட்ட?"

மேரி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "மரியே! காலைல இருந்து நானு இரும்போட வாய அடச்சு வெச்சுக்கிட்டு நடக்கறேனே!"

பொத்தானைத் திருப்பினாள். உடனே அவள் முகம் சுருங்கியது. மண் முழுக்க முனகுகிறது என்று தெரிந்தது. காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தவள், நேராக ஜேசிபியிடம் போய்க் கையைக் கூப்பினாள். டிரைவர் இன்ஜினை நிறுத்தி இறங்கி வந்தார். காடே அமைதியானது. மேரி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு அடி வைப்பாள், நிற்பாள். தட்டை மண்ணில் படுவது போல இறக்கி ஆட்டுவாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது.

காலையில் நாங்கள் கடந்துபோன இடம்தான். அங்கே நின்றாள். தட்டை முன்னும் பின்னும் கொண்டுபோனாள். மறுபடியும் அங்கேயே வந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

கரண்டியை எடுக்கவில்லை. கையாலேயே மண்ணை விலக்கினாள். முழங்கை வரை உள்ளே போனது. பிறகு மெதுவாகக் கையை வெளியே எடுத்துக்கொண்டு, "நீங்க பாருங்க்கா" என்று நகர்ந்தாள்.

கண்ணாயி மண்டியிட்டுக் கையை விட்டாள். உள்ளே அவள் விரல்கள் எதன் ஓரமாகவோ போய்க்கொண்டிருந்தது தோளின் அசைவில் தெரிந்தது. ஓரிடத்தில் நின்றது.

"மூல இல்ல" என்றாள். "எங்க கொத்துதான்."

கையை எடுக்கவில்லை. பனி எங்கள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நவீன்தான் தயங்கிக்கொண்டே, "எடுத்துப் பாத்து உறுதி பண்ணிக்கலாமேங்க்கா" என்றார்.

"போதுங் கண்ணு. கை பாத்திருச்சு" என்று சொல்லி மேரி மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள்.

பக்கத்தில் ஜேசிபி டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். "சார், அந்த எடத்துல நானு பக்கெட் வெக்க மாட்டனுங்க. வேற ஆளப் பாத்துக்கங்க" என்றார். நவீன் போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போனார். யாருடனோ வெகுநேரம் பேசினார், கத்தினார், கெஞ்சினார். திரும்பி வந்து அளவுக் கயிற்றை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார். கண்ணாயி மேல்மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மேரி மூடிய இடத்தை உள்ளங்கையால் அழுத்தினாள். வழக்கமான இரண்டு தட்டோடு நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அங்கே காட்டேஜ் வந்துவிட்டது. ஒரு மூலையை மட்டும் கல் சுற்றி விட்டுவைத்திருக்கிறார்கள். அமாவாசைக்குக் கண்ணாயி போய்ப் பால் ஊற்றிவிட்டு வருகிறாள். இன்றுவரை யாரும் தடுக்கவில்லை.

அன்று திரும்பி வரும் வழியில் நானும் கண்ணாயியும் பேசிக்கொண்டே வந்தோம். மேரி பூட்ஸ் மண்ணைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "காலைல ரெண்டு தடவ அதும்மேலயே நடந்து போனேனுங்க்கா" என்றாள்.

இந்தச் சித்திரையில் அவள் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டாள். மகளை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறாள். பேறுகாலம் பார்க்க வேண்டும், அப்புறம் அங்கேயே இருந்தாலும் இருப்பாள். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். மிஷினைத் துண்டு துண்டாகக் கழற்றி, பழைய சேலையில் சுற்றி மடிமேல் வைத்திருந்தாள். அதன்மேல் ஜெபமாலை. அவளைச் சிரிக்க வைக்க நினைத்து, "அங்க கடல்ல குளிக்கறவங்க செயினு, தோடெல்லாம் மணல்ல விட்டுட்டுப் போவாங்களாமே. நம்மூரு மாதிரிச் செம்மண்ணும் இல்ல. இரும்ப அடச்சுப்போட்டு நடந்தீன்னா எல்லாந் தங்கந்தான்" என்றேன்.

பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"இல்லீங்க்கா. இனி இரும்பும் பேசட்டும். ஆரு எதப் போட்டு மூடி வெச்சிருக்காங்கன்னு நமக்கு என்ன தெரியும்?"