கண்ணாடி உடைந்ததும் கிளாரினெட்

பெயெர்செபா ஊர் நாடகங்களுக்கு இசையமைப்பதுதான் எல்கானாவின் பிழைப்பு. காட்சி முடிந்து விளக்கணைந்ததும் அடுத்த காட்சிக்காக ஆட்கள் மேடையில் சோபாவை இழுப்பார்கள். அந்த இருட்டுக்குத்தான் அவர் இசை.

விளக்கணைந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் திறந்துவிடும். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். எல்கானா டிரம்பெட்டைச் சேர்த்துப் பார்த்தார். அவர்களும் குரலை உயர்த்தினார்கள். மூன்றாம் வரிசை ஃபோர்ச்சுனா மேடையைப் பார்த்தே கத்தினாள்: "கொஞ்சம் மெதுவா வாசிங்கப்பா! இங்க பேசுறது காதுல விழல!"

"தலைமுடியெல்லாம் கொட்டிப்போச்சு. ஒரு நாளாவது இவங்க வாயை மூடிக் கேட்டாங்களா?" என்று மனைவி சிம்ஹாவிடம் புலம்புவார்.

"நான் கேக்கறேனே."

"நீ பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கறே."

மனைவியை இழந்த ஒருவனைப் பற்றிய நாடகம் வந்தது. எல்கானா வெறி பிடித்தவர்போல் ஒரு ஒப்பாரி எழுதினார். முதலில் இருட்டில் கண்ணாடி நொறுங்கும் சத்தம். கூட்டம் திடுக்கிட்டு அடங்கும். உடனே கிளாரினெட் அழத் தொடங்கும். ஒத்திகையில் இயக்குநர் நெகாமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் நாள். அரங்கு நிறைந்திருந்தது. விளக்கணைந்தது. சலார்!

கப்சிப். எல்கானாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

"மஸல் தோவ்!" என்றாள் ஃபோர்ச்சுனா.

அவ்வளவுதான். யூதக் கல்யாணத்தில் மாப்பிள்ளை டம்ளரை மிதித்து உடைத்தால் இப்படி வாழ்த்திக் கத்துகிற ஜனம், ஓட்டலில் தட்டு விழுந்தாலே கத்துகிற ஜனம், சும்மா இருக்குமா? மொத்த அரங்கும் "மஸல் தோவ்!" என்று அலறிக் கைதட்டியது. கிளாரினெட் ஓவாடியாவோ வாரம் மூன்று கல்யாணம் வாசிக்கிறவர். பழக்கதோஷம்! ஒப்பாரி குத்தாட்டமாகிவிட்டது. சவப்பெட்டி பக்கத்தில் நின்ற நடிகனின் காலும் தாளம் போட்டது.

நாடகம் முடிந்து எல்கானா அரங்கு வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஃபோர்ச்சுனா வந்து நின்றாள்.

"அந்தப் பாட்டு உங்களுதா? என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து வாசிக்கணும்."

"அம்மா, அது சாவுப் பாட்டு!"

"அதனால என்ன, வேகமா வாசிச்சா சரியாப் போச்சு."

போனார். வீம்புக்குத்தான் போனார். மாப்பிள்ளை டம்ளரை மிதித்தான், கூட்டம் கத்தி முடித்தது. எல்கானா ஓவாடியாவின் தோளை அழுத்திப் பிடித்து, "எழுதின வேகத்துல வாசி, இல்லேன்னா கொன்னுடுவேன்" என்றார்.

பாட்டு மெதுவாக எழுந்தது. ஆட வந்தவர்கள் நின்றார்கள். விதை கொறிக்கும் சத்தம்கூட இல்லை. சிம்ஹா கையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றாள்.

பாட்டு முடிந்ததும் ஃபோர்ச்சுனா மூக்கைச் சிந்திக்கொண்டு பாய்ந்து வந்தாள். "அடப்பாவி மனுஷா! கல்யாண வீட்டுல எல்லாரையும் அழ வெச்சிட்டியே!"

எல்கானா அவளைக் கட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை திட்டுங்கம்மா" என்றார்.