நூற்றெட்டுத் தேங்காயும் விழாத பனியும்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ழகரம், எந்த ளகரம் என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன். நான்கு பேர் கூடிவிட்டால் எனக்குப் பேச்சு எழாது.

பினாங்குத் தீவுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு மீன் கம்பெனியின் கோல்டு ரூமில் வேலை செய்கிறேன். மைனஸ் பதினெட்டு. தடித்த ஜாக்கெட்டும் இரண்டு சோடிக் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டி அடுக்குவோம். விரல் மரத்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒன்றுதான் தெரிந்த குளிர்.

போன நவம்பரில் என் மகள் ஜப்பானில் ஒரு மலையூருக்கு வேலைக்குப் போனாள். பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் தங்கும் விடுதி. மார்ச் வரைதான் ஒப்பந்தம். அதுவரை நன்றாக ஓடினால் முழு வருடத்துக்கு எழுதித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். இங்கே பாயான் லெப்பாஸில் இருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் போனாள். "இங்கயே இருந்தா பத்து வருஷம் கழிச்சு நான் என்னவா இருப்பேன்னு இப்பவே தெரியுதுப்பா. அங்க போனா தெரியாது. அதான் போறேன்" என்றாள். தெரியாத இடத்துக்கு எதற்குப் போகவேண்டும் என்று கேட்க நினைத்தேன். வழக்கம்போல் கேட்கவில்லை.

அவள் போன இரண்டாவது வாரம், சாப்பாட்டு நேரத்தில் எங்கள் லாரி ஓட்டும் தம்பி கைப்பேசியை நீட்டினான். அந்த நாட்டு மலைப்பகுதிக்கான குளிர்கால வானிலை முன்னறிவிப்பு, இங்கிலீஷில் இருந்தது.

"அண்ணே, உங்க மக இருக்கிற மலைப்பக்கம் இந்த வருஷம் ஸ்னோ ரொம்ப அதிகமா வருமாம். பிப்ரவரி வரைக்கும். ரோடெல்லாம் அடைச்சிக்குமாம், கரண்டு போகுமாம்."

"நல்லாப் படிச்சுப் பாரு தம்பி."

"படிச்சிட்டுத்தானே சொல்றேன். வாய்ப்பு இருக்குன்னுதான் போட்டிருக்கான் லா. நம்ம ஊர்ல மழைம்பான், அன்னிக்குத்தான் துணி நல்லாக் காயும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்க மைனஸ் ஆறுதான்ணே. உங்க கோல்டு ரூமுக்கு அது வெயில்!" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கோல்டு ரூமுக்குக் கதவு இருக்கிறது. மலைக்கு எந்தப் பக்கம் கதவு?

அன்றிலிருந்து உட்கார்ந்தால் நிற்கவேண்டும் போலவும், நின்றால் நடக்கவேண்டும் போலவும் இருந்தது. காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரியில் ஏறியதும் அந்த ஊர் வானிலையைப் பார்ப்பேன். கரையேறும்போது ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை. பெட்டி அடுக்குகிறபோதும் கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்ததில் சூப்பர்வைசர் இரண்டு முறை திட்டினார். எனக்கு அதில் புரிந்தது பனிப்பூப் படமும் மைனஸ் கோடும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று வேண்டிக்கொண்டேன். அந்த மலையில் பனி விழாமல் பார்த்துக்கொள் முருகா, தைப்பூச இரதத்துக்கு முன்னால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்றேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு.

டிசம்பரில் பனி விழவில்லை. படத்தில் தினமும் மேகம், சில நாள் வெயில். முன்னறிவிப்பு எழுதியவர்கள் தோற்றுப்போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கேட்டு ஒன்று நடந்திருக்கிறது. மகள் அழைக்கும்போது குரல் சோர்ந்திருந்தது. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி நடுவில் ஒரு மாலை அழைத்தாள். மனைவி லிட்டில் இந்தியாவில் அவள் வேலை செய்யும் துணிக்கடையிலிருந்து இன்னும் வரவில்லை. நான்தான் எடுத்தேன்.

"ஸ்னோவே இல்லப்பா. மலை முழுக்க மண்ணாத் தெரியுது. ரூம் போட்டவங்க எல்லாம் கேன்சல் பண்ணிட்டாங்க. மூணு பேரை வீட்டுக்கு அனுப்பியாச்சு. நான்தான் கடைசியா சேர்ந்தவ. அடுத்தது நானாத்தான் இருக்கும்."

சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"எல்லாரும் ஸ்னோவுக்கு வேண்டிக்கிறாங்க. நீங்களும் கொஞ்சம் வேண்டிக்குங்கப்பா."

பனி விழுந்தால்தான் அவளுக்குப் பிழைப்பு. இதை அவள் போகும் முன்பே சொல்லியிருந்தாள். பயத்தில் என் காதில் பனி என்ற சொல் மட்டும் ஏறியது, மற்றது ஏறவில்லை. கோல்டு ரூமில் இத்தனை வருடம் குளிரால் சோறு தின்கிறவனுக்கு இது புரியாமல் போயிற்று.

இப்போது நூற்றெட்டுத் தேங்காயை என்ன செய்வது? உடைத்தால், மகளின் வேலையைக் கெடுத்ததற்கு நன்றி சொன்னது போல ஆகும். உடைக்காவிட்டால் சொன்ன சொல் தவறினவன் ஆவேன். வீட்டுக்குள் முன்வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். லாரித் தம்பியிடம், யாரோ ஒரு கூட்டாளியின் கதை போல ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"முருகன்கிட்டப் போய் 'சாரி பாஸ், ஆர்டர் மாறிடுச்சு'ன்னு சொல்லச் சொல்லுங்க உங்க கூட்டாளிய" என்றான். பிறகு, "யாருண்ணே அந்தக் கூட்டாளி? மீன் வாசனை அடிக்குமே அவர் மேல?" என்று கண்ணடித்தான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை தேங்காய்களை இரதம் வரும் டத்தோ கிராமாட் சாலை ஓரத்தில் கொட்டிவைத்தேன். தேங்காய் ஏன் என்று கேட்டபடியே மனைவியும் கூட வந்திருந்தாள். அங்கே வைத்துத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தின் இரைச்சலில் சொல்வது எளிதாக இருந்தது.

அவள் கையில் எடுத்த தேங்காயைக் கீழே வைத்தாள். "நீங்க நிம்மதியாத் தூங்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கீங்க. வேற என்ன?" என்றாள்.

 தூரத்தில் மேளம் கேட்டது. பக்கத்தில் மலைபோல் தேங்காய் குவித்திருந்த சீனர் ஒருவர் தன்னுடையதை உடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "அண்ணே, செப்பாட் லா, சீக்கிரம்! இரதம் வந்துடும்!" என்று மலாயும் தமிழும் கலந்து விரட்டினார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் என் குவியலிலிருந்தும் எடுத்து எறியத் தொடங்கினார்கள். அடுத்தவர் உடைத்தால் என் கணக்கில் சேருமா என்ற பயத்தில் நானும் வேகமாக எறிந்தேன். கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது. எதற்காக உடைக்கிறேன் என்று மனத்துக்குள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இரதம் வந்தபோது கும்பிடத்தான் முடிந்தது, கேட்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து மகள் அழைத்தாள். வேலை போய்விட்டது என்றாள்.

"டிக்கெட் போடச் சொல்லவாம்மா?" என் குரலில் இருந்த அவசரம் எனக்கே கேட்டது.

"வரலப்பா. இதவிட உயரத்துல இன்னொரு ஊரு இருக்கு. அங்க மட்டும் ஸ்னோ கொட்டுதாம். ஹோட்டல்ல படுக்கை விரிப்பு மாத்திப் போட ஆள் வேணுமாம். ஏஜெண்டு பேசிட்டாரு. நான் பஸ்ல ஏறிட்டேன்."

வண்டி இரையும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க" என்றாள்.

 அவள் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றது.

"நூத்தியெட்டுத் தேங்காய்க்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லப்பா. எனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கலாம்ல."

"தப்புதாம்மா." அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது. "இப்பக் கேக்கிறேன். என்ன வேணும்?"

யோசித்தாள். "ஸ்னோ விழுந்துகிட்டே இருக்கட்டும். பஸ்ஸு மட்டும் சறுக்காம இருக்கட்டும்."

போனை வைத்ததும் கோயிலுக்குப் போய் அந்த இரண்டையும் அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். அவள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற மூன்றாவதும் தொண்டை வரை வந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. விழுங்கிக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினேன்.

பஸ் சறுக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் இரண்டு வரி அனுப்பினாள். புது ஊரின் வானிலையில் அடுத்த ஏழு நாளுக்கும் பனிப்பூப் படம்தான் இருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை.