டிரையருக்குப் பின்னால் இருந்த சந்து

பெரம்பலூரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. அரியலூரில் ஐ.டி.ஐ. முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. ஃபேன், டியூப்லைட், ஜெனரேட்டர் எல்லாம் என் பொறுப்பு. சலவை அறையில் இருந்த டிரையரும்தான்.

டிரையர் என்றால் அப்போது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு ஆள் குந்தி உட்காரலாம், அவ்வளவு பெரிய இரும்பு டிரம். ஈரத் துணியைப் போட்டுக் கதவைச் சாத்தினால் டிரம் சுற்றும், உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் சூடாகும், சூட்டுக் காற்று துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே போகும். சென்னையில் ஏதோ ஓட்டலில் கழித்துக் கட்டியதை வாங்கிப் போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் அதை யாரும் தொடுவதில்லை. மொட்டை மாடியில் விரித்த பெட்ஷீட் அரை மணியில் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால்தான் டிரையருக்கு வேலை.

ஒரு வருஷம் ஐப்பசியில் அது நின்று நின்று போக ஆரம்பித்தது.

சலவை அறையைப் பார்த்துக்கொண்ட அக்கா விக்கிரமங்கலத்திலிருந்து பிழைக்க வந்தவர். நாற்பது வயது இருக்கும். நோயாளிகளின் படுக்கைத் துணி, ஆபரேஷன் தியேட்டர் துணி, பிரசவ வார்டுத் துணி எல்லாம் அவர் ஒருவர் கையில்தான். ஒரு நாள் காலை வந்து ஜெனரேட்டர் ரூம் வாசலில் நின்றார்.

"தம்பி, மிஷினு நின்னுடுச்சி."

"எவ்ளோ நேரம் ஓடுச்சிக்கா?"

"ஒரு ஒல அரிசி வேவற நேரங்கூட ஓடல. கொஞ்ச நேரம் உட்டுட்டுப் போட்டா மறுபடி ஓடுது. மறுபடி நின்னுடுது."

போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த வாடையை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். நன்றாக அலசாத ரத்தக்கறை, டிஞ்சர், சீழ், பினாயில், எல்லாம் சேர்ந்து அரைவேக்காடாக வெந்த நாற்றம். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அக்கா சாதாரணமாகக் கையை உள்ளே விட்டு ஒரு பெட்ஷீட்டை இழுத்து மோந்து பார்த்தார். "பாருங்க, திரும்ப அலசணும்" என்றார்.

முதலில் வோல்டேஜ் மேல் பழி போட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அடுத்து கதவு ஸ்விட்ச். அது லூசாக இருந்தால் மிஷின் நின்றுபோகும். புதிதாக மாற்றினேன். நின்றது. மோட்டாருக்கு பெல்ட் இறுக்கமோ என்று தளர்த்தினேன். நின்றது. அக்கா ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. முன்னல்லாம் ஓடறப்ப செவுத்துக்கு அந்தாண்ட புஸ்ஸுன்னு காத்து போற சத்தம் கேக்கும். இப்பக் கேக்கல."

"பாக்கறேங்க்கா" என்றேன். பார்க்கவில்லை.

காரணம், சுவருக்கு அந்தாண்டை இருந்தது ஒரு சந்து. கட்டடத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அகலம். தியேட்டர் கழிவுநீர் அங்கேதான் திறந்த வாய்க்காலாக ஓடியது. புண்ணுக்குக் கட்டிய துணி, ஊசி, குளுக்கோஸ் பாட்டில், பிரசவ வார்டு பக்கெட்டில் இருந்து கொட்டியது எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். குப்பை வண்டி வரும்போது வாரும், வராதபோது நாய் வாரும். மழையில் எல்லாம் ஊறி மிதந்தது. முனையில் நின்று எட்டிப் பார்த்ததற்கே அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். ஊரில் யார் வீட்டு மாடு செத்தாலும் எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வரும். அப்பா போய்க் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவார். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவார். எனக்கு அந்த வாடை அடிக்கும். உண்மையில் அடித்ததா, அடிப்பதாக நினைத்துக்கொண்டேனா தெரியாது. தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். அப்பா ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. சட்டைப் பையில் டெஸ்டர் வைத்துக்கொண்டு போகிற வேலைதான் வேண்டும் என்று நான் ஐ.டி.ஐ.க்கு எழுதிக் கொடுத்தது அதனால்தான்.

நான் எந்தத் தெரு என்பது ஆஸ்பத்திரி மேனேஜருக்குத் தெரியும். துணி காயாமல் தியேட்டர் தாமதமானதும் என்னைக் கூப்பிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, பின்னாடி போயி அந்தக் கொழாயப் பாத்துடேன். ஒங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தான?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். உதட்டில் டீ ஆடை ஒட்டியிருந்தது. சந்துக்குள் எட்டிப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி அருவருப்பு வரவில்லை.

"அது என் வேலை இல்ல சார். தெர்மோஸ்டாட் போயிருக்கு. மாத்திடறேன்" என்றேன்.

தெர்மோஸ்டாட் என்பது சூடு அளவுக்கு மீறினால் மிஷினை நிறுத்துகிற சின்ன பாகம். திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய்ப் புதிது வாங்கி வந்து போட்டேன். அதுவும் நிறுத்தியது. புதிதும் நிறுத்தினால் பாகத்தில் கோளாறு இல்லை, உள்ளே சூடு நிஜமாகவே ஏறுகிறது, காற்று வெளியே போகவில்லை என்று அர்த்தம். ஐ.டி.ஐ. முதல் வருஷப் பையனுக்கே தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் மேனேஜர் சொன்ன பிறகு அந்தச் சந்துக்குள் கால் வைப்பதைவிட வேலையை விட்டுப் போவதே மேல் என்று இருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு ஒயரை வெட்டித் தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். இனி எவ்வளவு சூடு ஏறினாலும் மிஷின் நிற்காது.

நிற்கவில்லை. மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பதினோரு மணிவாக்கில் சலவை அறையிலிருந்து சத்தம் கேட்டது. ஓடினேன். அறை முழுக்கப் புகை. டிரம்முக்குள் பெட்ஷீட்டுகள் கருகிக்கொண்டிருந்தன. அக்கா கதவைத் திறந்து அவற்றை வெறும் கையால் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மெயினை அணைத்தேன், மணல் வாளியைக் கொட்டினேன். அடங்கியது. அக்காவின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழண்டு வெள்ளையாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரி என்பதால் உடனே மருந்து போட்டுக் கட்டினார்கள். மறுநாள் அவிழ்த்த கட்டும் அந்தச் சந்துக்குத்தான் போனது.

மேனேஜர் வந்ததும் அக்காவிடம் கத்தினார். "அறிவிருக்கா ஒனக்கு? மிஷினு தாங்குற அளவுக்குப் போட மாட்டியா? அள்ளித் திணிச்சா எரியாம என்ன பண்ணும்?"

புகை அடங்குவதற்குள் நான் அந்த ஒயரைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை எனக்கு என்மேல் குமட்டுவது அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துத்தான்.

மறுநாள் காலை மூக்கில் துணி கட்டிக்கொண்டு சந்துக்குள் போனேன். செருப்பு ஊறிய துணியில் புதைந்தது. குழாயின் வாயில் கொசுவலைக் கம்பி அடித்திருந்தது. எலி நுழையாமல் இருக்க அடிக்கச் சொன்னவன் நானேதான். முனையிலேயே நின்று கொத்தனாரிடம் கம்பியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்தக் கம்பி, துணியிலிருந்து பறந்து வந்த பிசிறு அத்தனையையும் பிடித்து வைத்திருந்தது. பிய்த்தேன். சாம்பல் நிறத்தில், ஈரக் கம்பளி மாதிரி, முழம் முழமாக வந்தது. நோயாளிகளின் தலைமுடி, பஞ்சு, காய்ந்த ரத்தத் துணுக்கு, ஒரு பிளாஸ்திரித் துண்டு. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மூன்றாவது தடவை எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லை.

அப்படியே கையைக் காலைக் கழுவிவிட்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன். ஒயர் விஷயத்தை.

"நீங்க முறுக்கறப்பவே பாத்தேன் தம்பி" என்றார். "படிச்சவரு, தெரிஞ்சிதான் பண்ணிருப்பீங்கன்னு உட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவரையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். ஒயர் போட்டது நான், அக்கா மேல் தப்பில்லை என்று அவர் எதிரிலேயே சொன்னேன். மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார். "சரி, உடு. பெரிய டாக்டருகிட்ட எதுவும் சொல்லிக்காத. மிஷினு ஓடுதுல்ல?" அவ்வளவுதான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா, "இவரு மூஞ்சியப் பாக்கறதுக்கு அந்தத் துணியையே அலசலாம் போங்க" என்றார்.

சந்துக்குள் இனி யாரும் போக வேண்டாம் என்று குழாயைத் திருப்பி அறைக்குள்ளேயே மேலே ஏற்றி மொட்டை மாடியில் விட்டேன். வளைவில் ஒரு தகரப் பெட்டி வைத்து, உள்ளிருந்தே திறந்து பிசிறை எடுக்கிற மாதிரி மூடி போட்டேன். தெர்மோஸ்டாட்டை ஒழுங்காக இணைத்தேன். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை. சந்து அப்படியேதான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் அந்த மூடியைத் திறப்பது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டேன். கட்டு அவிழ்த்த கையோடு அக்கா குறுக்கே வருவார். "குடுங்க தம்பி, நான் எடுத்துடறேன். எனக்குப் பழகிடுச்சி." நான் கொடுக்கவில்லை. எனக்கும் பழகிவிடும் என்று நினைத்தேன். அங்கே இருந்த கடைசி வெள்ளிக்கிழமை வரை பழகவே இல்லை. கையில் உறை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எடுப்பேன். எடுத்து முடித்து நேராகக் குழாயடிக்குப் போய் வாந்தி எடுப்பேன். அக்கா ஒரு சொம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி துணி மடிக்கப் போய்விடுவார்.