என் புது ரூலும் காணாமல் போன ஏலக்காயும்

1. மூன்று நாள் வகுப்பு

எழுபதுகளின் கடைசியில், போடியில் ஓர் ஏலத்தோட்ட முதலாளியின் ஆபீசில் நான் அக்கவுண்டன்ட். கணக்கில் நடக்கும் திருட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மதுரையில் மூன்று நாள் வகுப்பு நடந்தது. முதலாளி என்னை அனுப்பினார். வகுப்பெடுத்தவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சரக்கை அனுப்புகிற ஆளே அதை நிறுக்கக் கூடாது. லீவே எடுக்காத ஆளை முதலில் கவனிக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குரங்கணிக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு ஒரு சர்க்குலர் அடித்தேன். அதுவரை பச்சைக்காயைப் பறித்த காட்டிலேயே கங்காணி நிறுத்து அனுப்புவார். இனி அது கூடாது, ஸ்டோருக்குள் வைத்துத்தான் நிறுக்க வேண்டும், தோட்டத்துக் குமாஸ்தாவான ரைட்டர் எடையை எழுத வேண்டும் என்று ரூல் போட்டேன். ஸ்டோர் என்றால் விறகுத் தீயில் காயை உலர்த்தும் கட்டடம். படித்ததை அமல்படுத்திவிட்டேன் என்று ஒரே பெருமை எனக்கு.

2. மூன்று கிலோ எங்கே?

எங்கள் தோட்டத்தில் நூறு கிலோ பச்சைக்காய்க்கு இருபது கிலோ உலர்ந்த காய் வரும். புது ரூல் வந்த மாதம் பதினேழுதான் வந்தது. அடுத்த மாதமும் அதே. காய் ஸ்டோருக்குள்தான் காணாமல் போகிறது என்று, அங்கே காயை உலர்த்தும் ஸ்டோர் கீப்பர் லூர்துசாமியின் லீவு ரிஜிஸ்டரைப் புரட்டினேன். பன்னிரண்டு வருஷமாகப் பறிப்பு சீசனில் ஒரு நாள்கூட லீவு இல்லை. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"லூர்துசாமியா? கூப்பிட்டுக் கேட்டீரா?"

"கேட்டா உஷாராயிருவான் முதலாளி. என் ரூல்ல வசமா மாட்டியிருக்கான்."

"சரி, புகாரை எழுதிக்கிட்டு மேல போம். நேர்ல பாத்துட்டு, உண்மைன்னா எறங்கி வர்றப்ப ஸ்டேஷன்ல குடுத்துரும். வெரசா வாரும், சோலி கெடக்கு."

லூர்துசாமிக்கு வேலை போனால் வீடும் போகும். ஸ்டோரை ஒட்டிய இரண்டு அறையில்தான் மனைவியோடு இருந்தார். திருட்டுப் பட்டம் கட்டிவிட்டால் மலையில் எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

3. தராசுக்கு அடியில்

குரங்கணி வரை ஜீப்பு, அப்புறம் நடை. போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மழை விட்டிருந்தது. லூர்துசாமி சிரித்த முகமாக வந்தார்.

"வாங்க சார். சொல்லிவிட்டிருந்தா ஆளனுப்பியிருப்பேன்ல. இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

அவர் மனைவி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, உலை வைக்கப் போனார். நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தேன்.

காட்டிலிருந்து மூட்டைகள் வந்தன. வாசல் தொட்டியில் காயைக் கொட்டி, மண் போக அலசினார்கள். அப்படியே கூடையில் அள்ளி உள்ளே கொண்டுபோய்த் தராசில் வைத்தார்கள். ரைட்டர் எடையை எழுதினார். தராசுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் என் கால் நனைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"கழுவிட்டா நிறுக்கிறீங்க?"

"நீங்கதான சார் ஸ்டோருக்குள்ள வச்சு நிறுக்கச் சொன்னீக? கழுவாம மண்ணோட உள்ள கொண்டாந்தா காய் ஒலத்துற தட்டெல்லாம் பாழாப் போகும்ல."

"ஈரம் எடையில ஏறுமேன்னு ஏன் சொல்லல?"

"ரைட்டர்கிட்டச் சொன்னேன். மதுரையில படிச்சுட்டு வந்து போட்ட ரூலு, நமக்கென்ன தெரியும், பேசாம இருங்கண்ணேன்னுட்டார்."

அடுத்து வந்த மூட்டையைத் தொட்டிக்குப் போகவிடாமல் மறித்து, காயை நானே நிறுத்தேன். நாற்பது கிலோ. கழுவி மறுபடி நிறுத்தேன். நாற்பத்தாறு. ஆறு கிலோவும் வெறும் தண்ணீர். நாற்பது கிலோவுக்கு வரவேண்டிய எட்டு கிலோ உலர்ந்த காயை நாற்பத்தாறுக்கு வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டால், நூற்றுக்குப் பதினேழு சொச்சம் வந்தது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் வந்தது. அப்பாடா என்று ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனுஷனை ஜெயிலில் தள்ளப் பார்த்தோமே! நல்லவேளை, தள்ளவில்லையே என்று உடம்பெல்லாம் லேசானது.

லீவைப் பற்றியும் கேட்டேன்.

"சீசன்ல எப்பிடி சார் லீவு போடுறது? சூடு கொஞ்சம் ஏறினாலும் காய் வெளுத்துரும். யாரை நம்பி விட்டுட்டுப் போக?"

4. சாப்பாடு

சொல்லாமலே இறங்கி வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. புகாரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கடைசி வரி வரை படித்தார். முகம் செத்துப்போனது.

"தப்பு என்னோடதுண்ணே. முதலாளிகிட்ட அப்படியே சொல்லிருவேன்" என்றேன். அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் தாளை மடித்து என்னிடமே தந்தார். "சொல்லுங்க. ஆனா என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிராதீக. உங்களுக்குன்னு கோழி அடிச்சிருக்கா."

பின்னாளில் இளம் அக்கவுண்டன்டுகளுக்கு நானே அந்த வகுப்பை எடுத்தேன். எடை குறைந்தால் தராசு எங்கே இருக்கிறதென்று போய்ப் பாருங்கள், ரூல் போட்டது நீங்கள் என்றால் முதல் சந்தேகம் உங்கள்மேல் இருக்கட்டும், ஆளைக் கேட்காமல் புகார் எழுதாதீர்கள் என்று சொல்வேன். லூர்துசாமி வீட்டில் சாப்பிட்டதை மட்டும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்றைக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் மனைவி குழம்பை ஊற்றிவிட்டு, "சார் ஏன் தலையே நிமிர மாட்டேங்குறாக?" என்று கேட்டார்.

"மலை ஏறி வந்த அலுப்பு. இன்னொரு கை சோறு வையி" என்றார் லூர்துசாமி அண்ணன்.