அறிக்கையில் ஒரு திருத்தம்

எங்கள் ஊரில் எதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் கூட்டம் வைப்போம். பிறகு மகஜர் எழுதுவோம். மகஜர் எழுதுகிறவன் நான். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், முப்பது வருஷம் மற்றவர்களின் மகஜர்களை வாங்கிக் கோப்புக்குள் போட்டவன் என்பதால், எப்படி எழுதினால் கிடப்பில் போடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

அந்த முறை காப்பாற்ற வேண்டியிருந்தது ஒரு பஸ்ஸை. புத்தூருக்கு உள்ளே, தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். காலை ஆறே முக்காலுக்கு எங்கள் சந்தியிலிருந்து ஓர் அரசாங்க பஸ் யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும், மத்தியானம் திரும்பி வரும். எங்கள் ஒடுங்கின ஒழுங்கைக்குள் வருகிற பஸ் நாளுக்கு அது ஒன்றுதான். ஆள் ஏறுவதில்லை, நிறுத்தப்போகிறோம் என்று டிப்போவிலிருந்து கதை வந்தது. ஊர் கொதித்தது. அந்த பஸ்ஸில் பத்து வருஷமாகக் கால் வைக்காதவர்கள்தான் கூடுதலாகக் கொதித்தார்கள். நானும் நன்றாகவே கொதித்தேன்.

சனசமூக நிலையத்தில் கூட்டம் கூடியது. பொதுச் சேவை மக்களின் சொத்து என்று தலைவர் முக்கால் மணித்தியாலம் பேசினார். சனநாயகம் என்றால் என்ன என்று பொருளாளர் அதற்கு மேலும் பேசினார். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினார். ஊர் எல்லையில், பெரிய றோட்டுக்கு முந்தின கடைசி பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் தனியே இருக்கிறவர். வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். இருதயத்தில் பழுது என்று டொக்டர் சொன்ன பிறகு விட்டுவிட்டார்; பெரிய றோட்டு மட்டும் நடக்கவும் அவரால் ஏலாது. மாதத்தில் ஒரு வியாழன் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் மருந்துக் குளிசை எடுக்க வேண்டும். ஊரில் அந்த பஸ்ஸை உண்மையாகவே நம்பியிருந்தவர் அவர்தான்.

"இரு பிள்ளை, கடைசியிலை கதைக்கலாம்" என்றார் தலைவர்.

கடைசியில் நன்றியுரை வந்தது. நன்றியுரைக்குப் பின்னால் வடையும் தேத்தண்ணியும் வந்தன. வடை வந்த பிறகு எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

மறுநாள் நிர்வாகசபை ஏழு பேரும் மகஜரோடு டிப்போவுக்குப் போனோம். நான்கு பக்கம். 'ஏழை எளியோர், நோயாளர், முதியோர்' என்று மூன்றாம் பக்கத்தில் உருகியிருந்தேன். அங்கிருந்த அதிகாரி முழுவதையும் பொறுமையாக வாசித்தார். பிறகு மேசையில் வரிசையாக இருந்த எங்கள் ஹெல்மெற்றுகளைப் பார்த்தார்.

"நீங்கள் எல்லாரும் எதிலை வந்தனீங்கள்?"

நாங்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஹெல்மெற்றுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டோம்.

"நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை ஐயா. வாற கிழமை ரிக்கெற் எவ்வளவு போகுது எண்டு பாப்பம். ஆக்கள் ஏறினால் பஸ் ஓடும்."

நியாயமான பேச்சு. அதனால்தான் எங்களுக்கு அவர்மேல் கோபம் வந்தது.

ஒரு கிழமை ஊர் முழுக்க பஸ்ஸில் போவதென்று தீர்மானித்தோம். திங்கட்கிழமை சந்தியில் கோயில் திருவிழாபோலச் சனம். தலைவர் முதல் சீற்றில் இருந்தார், அவருக்குப் பின்னால் பதவி வரிசைப்படி நாங்கள். எனக்குச் செயலாளர் என்ற முறையில் ஜன்னலோரம். தலை எண்ணிக் கொப்பியில் குறிப்பது என் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த இளந்தாரிகள் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு அலுவலும் இல்லை. பஸ் நிலையத்தில் இறங்கி, ஆளுக்கொரு றோல்ஸ் தின்று, தேத்தண்ணி குடித்தோம். வெயிலில் திரும்பி வரக் கஷ்டமென்று பொருளாளர் தன் மருமகனின் வான் வண்டியை வரச்சொன்னார். பொதுப் போக்குவரத்தைக் காப்பாற்றிய களைப்பில் வானுக்குள் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நித்திரையானோம்.

வியாழக்கிழமை கூட்டம் இன்னும் கூடிவிட்டது. கடைசித் தரிப்பில் பஸ் நின்றது. கீழே அந்தப் பெண் கிளினிக் கொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். மிதிபலகையில் ஐந்து பேர். அவர் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது, காலை எடுத்துவிட்டார்.

"இடமில்லை அக்கா, அடுத்த பஸ்ஸிலை வாங்கோ" என்றார் கொண்டக்டர்.

அடுத்த பஸ் இல்லையென்று அந்த பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதைத்தானே நான்கு பக்கம் எழுதியிருந்தேன். பஸ் இழுத்தபோது அவர் என் ஜன்னலுக்கு நேரே நின்றார். நான் எழும்பியிருக்கலாம். "நிப்பாட்டுங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் கொப்பியைக் குனிந்து பார்த்து, எண்ணின தலைகளைத் திரும்பவும் எண்ணினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன், மோட்டார்சைக்கிளில்தான். காலிரண்டும் வீங்கிப் படியில் இருந்தார். குளிசை புதன்கிழமையே முடிந்துவிட்டதாம். ஓட்டோவுக்குக் கையில் இருக்கவில்லையாம். வா தங்கச்சி, ஏத்திக்கொண்டு போறன் என்றேன். அந்தக் கிளினிக் வியாழக்கிழமைகளிலை மட்டும்தான், இனி அடுத்த வியாழன்தான், அண்டைக்குப் பஸ்ஸிலையே போறன் என்றார்.

"பரவாயில்லை அண்ணை. பஸ்ஸை நிப்பாட்டினால் எனக்கு எல்லா மாசமும் போயிடும். இது ஒரு கிழமைதானே."

ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த வியாழன் சந்தியில் ஒருவரும் இல்லை. கடைசித் தரிப்பில் அவர் ஏறினார். முழு பஸ்ஸிலும் அவரும் கொண்டக்டரும் சாரதியும்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். டிப்போவோ, பஸ் தொடர்ந்து ஓடும் என்று கடிதம் அனுப்பிவிட்டது.

வெற்றிக் கூட்டம் வைத்தோம். நான் எழுதிய அறிக்கையை வாசித்தேன்: 'பெருந்திரளான மக்கள் பேருந்தில் பயணம் செய்து தமது ஒற்றுமையை நிலைநாட்டினர்.' கைதட்டல். பிறகு தலைவர், வழமைபோல, "அறிக்கையிலை திருத்தம் ஏதும் உண்டோ?" என்று கேட்டார். அவர் தலைவராக இருந்த காலம் முழுவதும் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. கேட்டபடியே அவர் அடுத்த தாளைப் புரட்டிவிடுவார்.

"ஓம், ஒண்டிருக்கு" என்றது பின் வாங்கு.

தலைவரின் கை தாளிலேயே நின்றது.

"வியாழக்கிழமை கடைசித் தரிப்பிலை ஒரு ஆள் ஏறேலாமல் நிண்டது. அதையும் எழுதுங்கோ."

"உது அறிக்கைக்கு வேணுமோ பிள்ளை?"

"வேணும். முதல் கூட்டத்திலையும் கையைத் தூக்கினனான். கிளினிக் நாளிலை எனக்கு ஒரு சீற் விடுங்கோ எண்டு சொல்லத்தான். வடை வந்திட்டுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தத்தை வழிமொழிய ஒரு ஆள் வேண்டும், அதுதான் விதி என்றார். சபை கூரையைப் பார்த்தது. பொருளாளர் வடைத் தட்டைப் பார்த்தார்.

நான் பேனையை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.