பிஷப்பின் ரத்தத்தில் ஒன்பது புள்ளி நான்கு

கோரலி டன்ஸ்டனுக்கு எண்கள் மேல் அப்படியொரு பைத்தியம். இருபத்திரண்டு வயதில் காரடேல் சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கரும்புச்சாற்றில் ஒரு சொட்டு எடுத்து, இனிப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு போதும், முழு வயலின் ஜாதகமும் தெரிந்துவிடும். அதில் அவளுக்கு ஏற்பட்ட கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருநாள் மேலாளர் குடித்து வைத்த தேநீரைச் சோதித்து, "இந்தக் கரும்பை இன்னும் இரண்டு வாரம் வெட்ட வேண்டாம்" என்று முறைப்படி அறிக்கை எழுதி, முத்திரையும் குத்தி அவர் மேஜையில் வைத்தாள். மறுநாள் வேலை போனது.

அங்கிருந்து நேராக ஊர் மிருக ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தவள்தான், முப்பது வருஷம் ஓடிவிட்டது. குணம் மட்டும் மாறவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பிரிஸ்பேனிலிருந்து டாக்டர் இமோஜன் வந்தபோது, உள்ளங்கையளவு கருவி ஒன்றையும் கொண்டுவந்தாள். நாயின் ரத்தத்தில் ஒரு சொட்டை அதில் வைத்தால் லாக்டேட் எவ்வளவு என்று சொல்லும். உடம்புக்குள் ரத்த ஓட்டம் குறைந்து, தசைகளுக்கு மூச்சு முட்டும்போது அது ஏறும். இரண்டு என்றால் நிம்மதி. ஆறைத் தாண்டினால் கவலை. சாகக்கிடக்கும் நாய்களில் எது தேறும், எது தேறாது என்று இந்த எண்ணை வைத்து இமோஜன் ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

கோரலிக்குப் பழைய காதல் திரும்பிவிட்டது. மறுபடியும் ஒரு சொட்டு! தினமும் காலையில் கருவியை அவள்தான் துடைப்பாள். புல் வெட்டிவிட்டு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த புருஷன் நோயலின் விரலைக்கூட ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு, "நீங்க நாயா இருந்திருந்தா இப்ப உங்களுக்கு ட்ரிப் ஏத்தியிருப்போம்" என்றாள்.

இமோஜன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "எண் இந்த அறைக்கு வெளியே போகக்கூடாது, கோரலி. உங்க வாயைப் பத்தி எனக்கு முதல் நாளே சொல்லிட்டாங்க."

ஜூன் மாதம், ஊர்க் கண்காட்சி சனிக்கிழமை. அன்று காலை மெர்வ் ஹெஃபர்னனின் நாய் பிஷப், பேக்கரி க்ளெனிஸின் கடையில் இறைச்சி அடைத்த நாற்பது சாசேஜ் ரோல்களையும், சுடாத ஸ்கோன் ரொட்டி மாவு ஒரு தட்டையும் விழுங்கியது. அதோடு விட்டதா? மைதானத்தில் பரிசு வாங்க நின்ற குதிரைக்குட்டிகளை மூன்று சுற்று துரத்தியது. பாதி மாடு மேய்க்கும் நாய், பாதி மாஸ்டிஃப் என்கிற ராட்சத ஜாதி. நெஞ்சு பீப்பாய் மாதிரி. ஊரில் அது கடிக்காத ஆள் குறைவு. தபால்காரி ரொவேனாவை மட்டும் மூன்று தடவை, மூன்றும் ஒரே காலில்.

பதினொரு மணிக்கு மெர்வ் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வயிறு உப்பி, தட்டினால் மேளம் போலச் சத்தம் வந்தது. இரைப்பை முறுக்கிக்கொண்டுவிட்டது.

ரத்தம் எடுப்பதற்குள் ஒரு மல்யுத்தமே நடந்தது. மெர்வ் பின்னங்காலைப் பிடிக்க, கோரலி கழுத்தை அணைக்க, இமோஜன் ஊசியோடு நாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாகப்போகிற நாய் ஐந்து நிமிஷம் மூன்று பேரையும் உருட்டியது. கடைசியில் ஒரு சொட்டு கிடைத்தது.

ஒன்பது புள்ளி நான்கு.

கோரலி அந்த எண்ணைப் பார்த்தாள், மெர்வ் அவள் முகத்தைப் பார்த்தார். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவளிடம் எண்ணைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"போயிடுமா?" என்றார்.

"டாக்டர் சொல்லுவாங்க மெர்வ்."

"நீ மூஞ்சியிலேயே சொல்லிட்டியே."

"இரைப்பைல ஒரு பகுதி அழுகியிருக்கலாம்," என்றாள் இமோஜன். "முதல்ல காத்தை இறக்கி, ட்ரிப் போடறேன். அப்புறம்தான் அறுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். கொஞ்சம் பொறுங்க."

குழாய் விட்டுக் காற்றை இறக்கினார்கள். இரண்டு கால்களிலும் ட்ரிப் ஓடியது. ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கோரலியால் அங்கே நிற்க முடியவில்லை. எல்லோருக்கும் சாப்பிட ஏதாவது வாங்கிவருகிறேன் என்று கண்காட்சி மைதானத்துக்குப் போனாள். அங்கே க்ளெனிஸ் காலியான தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் திருட்டு நாய் எப்படிடி இருக்கு?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது."

"எவ்வளவு காட்டுச்சு? அதை மட்டும் சொல்லு."

கோரலி வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நான்கு விநாடி. "ஒன்பது புள்ளி நாலு. ஆறு தாண்டினாலே கஷ்டம்."

"ஐயோ பாவமே! என் ரோலைத் தின்னா சாகணும்?"

அவள் திரும்பி வருவதற்குள் மைதான ஒலிபெருக்கியில் மெர்வுக்கு ஆறுதல் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இமோஜன் இரண்டாவது சொட்டை வைத்தாள். இந்த முறை பிஷப் மருந்து மயக்கத்தில் சாதுவாகப் படுத்திருந்தது. மூன்று புள்ளி எட்டு.

"கருவி கெட்டுப்போச்சா?" என்றாள் கோரலி.

"கருவிக்கு ஒண்ணுமில்ல. முதல் எண்ணுல பாதி இவன் வயிறு, மீதி இவன் போட்ட சண்டை. திமிறினாலே லாக்டேட் ஏறிடும். ஒரே ஒரு எண்ணை வெச்சு எதுவும் சொல்ல முடியாது, கோரலி. அது எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும். பாதிக்கு மேல இறங்கியிருக்கு. மெர்வ், அறுத்துடலாம்."

வயிற்றைத் திறந்தபோது இரைப்பை இளஞ்சிவப்பாக, ஆரோக்கியமாக இருந்தது. உள்ளே இருந்ததை வெளியே எடுத்தபோது முப்பத்தி நாலு சாசேஜ் ரோல்களை அடையாளம் காண முடிந்தது. முறுக்கைப் பிரித்து, மறுபடி திரும்பாதபடி தைத்து மூடினாள் இமோஜன். கோரலி கத்தரிக்கோல்களை எடுத்துக் கொடுத்தபடியே நின்றாள். சண்டைக்கார நாய் ஒன்றை, அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் ஊருக்கு முன்னால் புதைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஞாயிறு காலை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் மெர்வைத் தேடியபோது, அவரே ஆஸ்பத்திரிப் பின்வாசல் வழியாக வந்தார். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

"கோரலி, என் வாசல்ல ஏழு பாத்திரம் கேசரோல் குழம்பு, ரெண்டு பவ்லோவா கேக். பிஷப் மாதிரி நல்ல நாய் கிடையாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. யாரு கிளப்பிவிட்டது?"

கோரலி தரையைப் பார்த்தாள். "நான்தான் மெர்வ். மன்னிச்சுடு. இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"அடச்சீ, கெடுத்துடாத! வியாழக்கிழமை இவன் வீட்டுக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காம இரு. என் பொண்டாட்டி போனப்போகூட இவ்வளவு சாப்பாடு வரல."

வாயை மூடுவது கோரலிக்கு வராத வித்தை. ஆனால் இது மூடுவதிலேயே வம்பு இருக்கிற காரியம். ஒப்புக்கொண்டாள். நான்கு நாளும் கடைத்தெருவில் யாராவது துக்கம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டினாள். பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழன் மத்தியானம் ரொவேனா தபால் சீருடையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மெர்வ் காத்திருக்கும் அறையில் கேக் தின்றுகொண்டிருந்தார். "வீட்டுல நீங்க இல்ல. உள்ளூர்ப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதியிருக்கேன். உங்ககிட்ட முதல்ல படிச்சுக் காட்டணும்னு வந்தேன்," என்று காகிதத்தைப் பிரித்தாள்.

"பிஷப்புக்கு ஒளிவு மறைவு கிடையாது. பிடிக்காதவங்களைப் பாத்துச் சிரிச்சதே இல்ல. நம்ம ஊர்ல அந்த நேர்மை வேற யாருக்கு..." அவள் சீருடைக் கையால் மூக்கைத் துடைத்தாள். கோரலிக்குப் பொறுக்கவில்லை. "ரொவேனா, போதும், நிறுத்து..."

அதற்குள் ரொவேனாவின் குரலை அடையாளம் கண்டுகொண்ட பிஷப், கதவுக்குப் பின்னாலிருந்து ஆஸ்பத்திரி அதிரக் குரைத்தது.

ரொவேனா இடது காலை அனிச்சையாகத் தூக்கினாள். அப்புறம் மெர்வைப் பார்த்தாள், அவர் மடியிலிருந்த கேக்கைப் பார்த்தாள். "யோவ் கிழவா!" என்றாள். "அது நான் செஞ்ச கேக்யா!"

சத்தம் கேட்டு வெளியே வந்த இமோஜனிடம் கோரலி எல்லாவற்றையும் ஒப்பித்தாள், எதையும் குறைக்காமல்.

"மெர்வ் அந்த ஒன்பது புள்ளி நாலை நம்பி, ஊசி போட்டு முடிச்சுடுங்கன்னு சொல்லியிருந்தா?" என்றாள் இமோஜன்.

அந்த ஒரு கேள்விதான் கோரலியை அழவைத்தது. வேலை போகவில்லை. ஆனால் பிஷப்பிடம் இனி எப்போது ரத்தம் எடுத்தாலும் கழுத்தைப் பிடிப்பது அவள் வேலை என்று உத்தரவானது. அதோடு, காலியான பாத்திரங்களை வீடு வீடாகப் போய் அவளே கொடுத்து, காரணத்தையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மெர்வின் வண்டியில் கிளம்பினார்கள். பின்னால் தையல் வயிறோடு பிஷப். ஒவ்வொரு வாசலிலும் கோரலி இறங்கி, "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் வாயில் ஊர் கேட்டிராத சொல். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். க்ளெனிஸ் மட்டும் கோரலி சொன்ன அறுவைக் கதையை முழுக்கக் கேட்டு, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்த முப்பத்தி நாலு போக, மிச்சம் ஆறு ரோல் என்னடி ஆச்சு?"

"அது மருத்துவ ரகசியம்," என்றாள் கோரலி, வண்டியில் ஏறியபடி.