துறையடியில் நிற்பேன்

கொழும்பிலிருந்து வந்த மகள் திரும்பிப் போகும்போது என் கைபேசியில் ஒரு விளையாட்டை ஏற்றிவிட்டுப் போனாள். திருகோணமலைப் பட்டணத்தை நடந்தே சுற்றிப் பார்ப்பதற்கான புதிர் விளையாட்டு. வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார். கைபேசி ஒரு இடத்தைச் சொல்லும். அங்கே போய், அது கேட்கிற கேள்விக்கு விடையைக் கண்டுபிடித்து எழுதினால் அடுத்த இடத்தைச் சொல்லும்.

"பென்சன் எடுத்த நாளிலயிருந்து வீட்டுக்குள்ளயே இருக்கிறியள் அம்மா. ஒருக்கா நடந்திட்டு வாங்கோ. ஆனா தனிய போகாதேங்கோ, ரெண்டு பேர் விளையாடினாத்தான் நல்லாயிருக்கும்" என்றாள்.

பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என் கணவர் வெயிலைக் காரணம் சொல்லிக் கழன்றுகொண்டார். வேறு யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தபோது கிண்ணியாவிலிருக்கும் என் பழைய பள்ளித் தோழி நினைவுக்கு வந்தாள்.

உயர்தர வகுப்பில் நாங்கள் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். அவள் பட்டணத்தில் தாயின் தங்கை சாச்சி வீட்டில் தங்கிப் படித்தாள். கணக்கில் என்னைவிட நல்ல கெட்டிக்காரி. சோதனை முடிந்ததும் கிண்ணியாவுக்குத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லாமல் போயிற்று. சண்டை எதுவும் இல்லை. இடையில் ஒன்றிரண்டு தடவை சந்தையடியில் தூரத்தில் கண்டிருக்கிறேன். ஒருமுறை அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. இருவரும் சிரித்தோம். நான் புடைவைக் கடைக்குள் போனேன், அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் வரிசையில் பக்கத்துக் கதிரையில் அவள் இருந்தாள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. அதற்குப் பிறகு கிளினிக் நாட்களில் சந்தித்துக்கொள்வோம். பிள்ளைகளைப் பற்றி, நீரிழிவைப் பற்றி, மீன் விலையைப் பற்றிக் கதைப்போம். இளமைக் காலத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. நான் திறக்காததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அவளிடமும் ஒன்று இருந்தது என்பது எனக்குத் தெரியாது.

விளையாட்டைப் பற்றிச் சொன்னதும் அவள் சிரித்தாள். "இந்த வயசிலயா புள்ள? சரி, அடுத்த கிளினிக் முடிய நடப்பம்."

அன்று வெயில் அவ்வளவு இல்லை. கோட்டை வாசலில் தொடங்கினோம். வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய இரண்டு மிருகங்கள் எதைத் தாங்கி நிற்கின்றன என்று கைபேசி கேட்டது. அவளுக்குத் தூரத்துப் பார்வை மங்கிவிட்டது. நான் அண்ணாந்து பார்த்து, தேய்ந்துபோன அந்தச் சிற்பத்தை அவளுக்கு விவரித்தேன். நடுவில் ஏதோ பலகை மாதிரி, மேல் பக்கம் நேர், கீழே வரவரக் கூர்மை என்றேன். "கேடயம்" என்றாள். எழுதினேன். சரியென்று கைபேசி பச்சை காட்டியது. கோட்டைக்குள்ளிருந்து வந்த மான் ஒன்று அவளுடைய பையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

பிறகு மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய வெள்ளைக்காரர் சேமக்காலை. நங்கூரம் செதுக்கிய கல்லறைக் கல்லைத் தேடிப் பிடித்து, அதிலுள்ள இலக்கங்களையெல்லாம் கூட்டச் சொன்னது விளையாட்டு. புல்லை விலக்கி நான் இலக்கங்களை வாசித்தேன். கைபேசியில் கூட்டுவதற்கு நான் விரலை வைக்குமுன் அவள் விடையைச் சொல்லிவிட்டாள். வாழ்நாள் முழுவதும் கணக்குப் படிப்பித்தவள் நான்.

"உன்ர மூளை அப்பிடியே இருக்கு" என்றேன்.

"அத வச்சு என்ன செஞ்சன்? தேங்காய்க் கணக்கும் பால்மாக் கணக்கும் பாத்தன்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த இடத்துக்கு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

அடுத்த இடம் உள்துறைமுக வீதியில் இருந்தது. மூதூர் லாஞ்சிப் படகு வந்து நிற்கிற இடம். மதிலோரம் நிழல் இருந்ததால் அங்கே நின்றோம். கைபேசி கேட்டது: "படகு வந்து நிற்கும் இடம் நான். என் பெயர் என்ன?"

"இது என்ன பெரிய புதிரே" என்று சொல்லி, துறையடி என்று எழுதினேன். சிவப்பு காட்டியது. எழுத்துப் பிழையோ என்று திரும்பவும் எழுதினேன். திரும்பவும் சிவப்பு.

"துறையடி எண்டு போட்டா எப்பிடிச் சரி வரும்?" என்றாள் அவள். "துறையடி கிண்ணியாவில எல்லோ இருக்கு. இது ஜெட்டி."

"நாங்கள் இதைத்தான் துறையடி எண்டுறது. அப்பா இஞ்சதான் வேலை செய்தவர். எங்கட வீட்டில எல்லாரும் துறையடி எண்டுதான் சொல்லுவம்."

நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு நீ எங்க நிண்டாய்?" என்று கேட்டாள்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

சோதனை முடிவு வந்த பிறகு ஆசிரியர் வேலைக்கு எங்கள் இருவரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேர்முகம் பட்டணத்தில். போர் நடந்த, பிரச்சினையான காலம். தரைப் பாதை பூட்டிக் கிடந்தது. கிண்ணியாவிலிருந்து வருவதென்றால் லாஞ்சிதான். அவளை அவளுடைய வாப்பா தனியே அனுப்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கரையில் இறங்கியதும் நான் கூட்டிப்போவேன் என்றால் விடுவார் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்துக்குக் கிண்ணியாத் தயிர் கொண்டுவருகிற ஒருவரிடம் சொல்லியனுப்பினேன். "வெள்ளன துறையடிக்கு வரச்சொல்லுங்கோ. நான் துறையடியில நிப்பன் எண்டு சொல்லுங்கோ."

"இஞ்சதான் நிண்டனான்" என்றேன். "முதல் லாஞ்சி வந்தது. நீ இல்லை. ரெண்டாவது வருமட்டும் பாத்தன். பிறகு நேரம் போயிட்டுதெண்டு அப்பா இழுத்துக்கொண்டு போனவர்."

அவள் மதிலில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.

"துறையடியில அந்தப் புள்ள நிக்குமாம் எண்டு தயிர்க்காரர் வந்து சொன்னவர். நீ முதல் லாஞ்சியில கிண்ணியாவுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவாய் எண்டு நெனச்சன். வாப்பாவும் அப்பிடித்தான் நெனச்சவர். அந்தப் புள்ள வந்தா அனுப்புறன் எண்டவர். புதுச் சட்டை போட்டு, சர்டிபிகேட்டெல்லாம் உறையில வச்சுக்கொண்டு நானும் வாப்பாவும் எங்கட துறையடியில நிண்டம். பட்டணத்தில இருந்து லாஞ்சி வந்திச்சு, ஆக்கள் இறங்கினாங்க, நீ இல்ல. அதே லாஞ்சி திரும்பிப் போகேக்க, நான் ஏறிப் போறன் வாப்பா எண்டு கேட்டன். காலம் கெட்டுக் கிடக்கு, அந்தப் புள்ளைக்கே வர விருப்பமில்லப் போல, வா வீட்ட போவம் எண்டாரு."

"எனக்கு விருப்பமில்லை எண்டே நினைச்சவர்?"

"நானும் அப்பிடித்தான் நெனச்சன். ஒரே ஒரு வேலை இருந்தா ரெண்டு பேரில நான்தான் எடுத்துடுவன் எண்டு நீ பயந்திட்டாய் எண்டு நெனச்சன்." அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "மன்னிச்சுக்கொள்."

நான் நினைத்ததை நானும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வரவில்லை என்றதும், கலியாணம் பேசிவிட்டார்கள், இனி இந்த வேலையும் நாங்களும் எதற்கு என்று விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சில மாதங்களில் அவளுக்குக் கலியாணம் என்று கேள்விப்பட்டதும் அது உறுதியாயிற்று. எனக்கு அழைப்பு வரவில்லை. வராதுதானே, எங்களை மறந்துவிட்டாள் என்று மனதை மூடிக்கொண்டேன்.

"கலியாணம் அதுக்குப் பிறகுதான் பேசினது" என்றாள். "வேலையும் இல்ல, இனி எதுக்கு வச்சிருக்கிற எண்டு பேசினாங்க."

லாஞ்சி ஒன்று மூதூரிலிருந்து வந்து சேர்ந்தது. ஆட்கள் சாமான் மூட்டைகளோடு இறங்கி எங்களைக் கடந்து போனார்கள். வழியில் நிற்கிறோம் என்று யாரோ சொன்னதும் ஒதுங்கி நின்றோம். எதிர்க் கடையில் தேநீர் வாங்கினோம். அவள் சீனி இல்லாமல் கேட்டாள்.

நாங்கள் ஒருவரோடொருவர் கோபித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கோபம் வந்திருந்தால் சந்தையடியில் கண்ட அன்றைக்கே, ஏன் வராமல் விட்டாய் என்று இரண்டு பேரில் ஒருத்தி கேட்டிருப்பாள். நாங்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டு விலகினோம். கிண்ணியாவுக்குப் பாலம் போட்டுப் பல வருடமாகிறது. பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவள் வீடு. அந்தப் பாலத்தில் நான் கலியாண வீடுகளுக்கும் மரண வீடுகளுக்கும் போய் வந்திருக்கிறேன். அவள் வீட்டு ஒழுங்கையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

"சரியான விடை என்ன எண்டு பார்" என்றாள் கடைசியில்.

உதவி என்ற பொத்தானை அழுத்தினேன். இறங்குதுறை என்று வந்தது. எங்கள் இரண்டு ஊரிலும் யாரும் பேச்சில் சொல்லாத சொல். அதை நான் எழுதவில்லை. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன். பஸ் நிலையம் வரைக்கும் அவளுடன் நடந்தேன். பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு அவள் கையைக் காட்டினாள். பஸ் போன பிறகு நிலையத்து வாங்கில் இருந்து அழுதேன். பக்கத்திலிருந்த ஒரு தாய், "ஏதும் ஏலாமக் கிடக்கோ, தண்ணி தரட்டோ?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "ஆரிலயும் பிழை இல்லை" என்றார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. யாருடைய பிழையாவது என்றால் அவரைத் திட்டியாவது ஆறியிருக்கலாம். தயிர்க்காரர் நான் சொன்னதைச் சொன்னபடிதான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த கிழமை நான் கிண்ணியாவுக்குப் போனேன். முதன்முறையாக அவள் வீட்டுக்கு. அவளுடைய கணவர் கதிரை எடுத்துப் போட்டு, வாங்கோ இருங்கோ என்று சொல்லிவிட்டு, நாங்கள் கதைக்கட்டும் என்று கடைப்பக்கம் போனார். நல்ல மனிதர். அவள் குசினியிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். இனிப்பு ஆகாதென்று எனக்குச் சின்னத் துண்டாக வெட்டியிருந்தாள்.

இருந்ததும் கேட்கத் தொடங்கினாள். முதல் நாள் எந்த வகுப்புக்குப் போனாய்? எத்தனை பிள்ளைகள்? என்ன படிப்பித்தாய்? ஆசிரியர் அறையில் உன் மேசை யன்னலோரமா? வெண்கட்டித் தூள் உனக்குத் தும்மல் கொண்டுவருமே, என்ன செய்தாய்? பிள்ளைகள் உன்னை எப்படிக் கூப்பிட்டார்கள்? அவள் கேட்டுக்கொண்டே போனாள். இதையெல்லாம் அவள் கனகாலம் யோசித்து வைத்திருக்கிறாள் என்று விளங்கியது. அந்த அறையில் எனக்குப் பக்கத்து மேசை அவளுடையதாக இருந்திருக்கும்.

நான் பதில் சொன்னேன். ஆனால் நல்லவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். சம்பளம் நேரத்துக்கு வராத மாதங்களைச் சொன்னேன். எரிந்து விழுகிற அதிபரைச் சொன்னேன். கூரை ஒழுகிய வகுப்பறையைச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை, நீ தப்பினாய் என்று சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிட்டத்துப் பார்வை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

"பொய் சொல்லாத புள்ள" என்றாள். "நல்லா இருந்ததெண்டால் நல்லா இருந்ததெண்டு சொல்லு. எனக்குக் கேக்க விருப்பம்."

அதனால் சொன்னேன். பின்னங்கள் விளங்கவே விளங்காத ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு நாள் கடைப் பாணைச் சம துண்டுகளாக வெட்டிக் காட்டியபோது அவள் முகம் மலர்ந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனாள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். மாலைப் பஸ் போய்விட்டது. அவள் என்னை எழும்ப விடவில்லை.